வகுப்பறையில் கைப்பேசி: ஒரு ழகரப் பாடம்

மும்பையில் ஞாயிறுதோறும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்து வருகிறேன். வகுப்பில் கைப்பேசியை அனுமதிக்கிறேன் என்று கேள்விப்பட்டுச் சில பெற்றோர் வருத்தப்பட்டார்கள். "வீட்டில் அதைப் பிடுங்கி வைக்கவே பெரும்பாடு சார், நீங்களும் கையில் கொடுத்தால் எப்படி?" என்று ஒரு தாயார் கேட்டார். நியாயமான கேள்விதான். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2009-லேயே பள்ளிகளில் கைப்பேசியைக் கட்டுப்படுத்திச் சுற்றறிக்கை அனுப்பியது. பிள்ளைகளின் கவனம் சிதறுவதைப் பற்றி 2023-இல் யுனெஸ்கோ அறிக்கையும் எச்சரித்தது.

எனக்கும் முதலில் சூடு பட்டது. 'எங்கள் ஊர்' என்று கட்டுரை எழுதச் சொல்லி, கைப்பேசியின் உதவியைப் பெறலாம் என்றும் சொல்லிவிட்டேன். ஒரு பையன் பிழையே இல்லாத இரண்டு பக்கங்களோடு வந்தான். மகிழ்ந்துபோய், "படி தம்பி" என்றேன். மூன்றாவது வரியில் நின்றுவிட்டான். இந்தியில் சொல்லி, மொழிபெயர்ப்புச் செயலியில் தமிழாக்கி, பார்த்து எழுதியிருக்கிறான். பிள்ளையைக் குறை சொல்ல முடியாது; கொடுத்த வேலை அப்படி. அன்றோடு எழுதித் தரும் செயலிகளுக்கு வகுப்பில் இடமில்லை. ஒலிப்பதிவுக் கருவியை மட்டும் வைத்துக்கொண்டேன்.

அந்தப் பாடம் இப்படி நடக்கிறது. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைப்பேசி. அதை விமானப் பயன்முறையில் வைத்துவிட வேண்டும். முதலில் நாக்கின் வேலையைச் சொல்வேன். லகரத்துக்கு நுனிநாக்கு மேற்பல் வரிசைக்குப் பின்னால் ஒட்டும். ளகரத்துக்கு நாக்கு மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கு நுனி இன்னும் உள்ளே வளையும். ஆனால் அண்ணத்தில் ஒட்டி நிற்காது. பிறகு அலை, அளை, அழை என்று ஒவ்வொருவரும் பதிவு செய்து, தாமே கேட்க வேண்டும்.

மும்பைப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. மராத்தியில் பள்ளியை 'ஷாளா' என்றும் வாழைப்பழத்தைக் 'கேளீ' என்றும் சொல்கிறார்கள் அல்லவா? ஆகவே ளகரம் அவர்களுக்குத் தானாக வருகிறது. இந்தி மட்டுமே புழங்கும் பிள்ளைகள் அதற்கும் சற்றுச் சிரமப்படுகிறார்கள். ஆனால் மராத்தி தெரிந்த பிள்ளைகள் எல்லாவற்றையும் அந்த ளகரத்திலேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார்கள். பழம் பளமாகிறது. நான் நூறு முறை திருத்தியும் காதில் ஏறாத வேறுபாடு, தம் குரலையே திரும்பக் கேட்டபோது ஏறியது.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. நான் பேசியதையும் ஒரு சிறுமி பதிவு செய்திருக்கிறாள். "சார், நீங்களும் வாளைப்பளம் என்றுதான் சொல்றீங்க" என்று போட்டுக் காட்டினாள். நான் திருநெல்வேலிக்காரன். எழுதும்போது வாழும் ழகரம், பேச்சில் எங்கள் பக்கம் பெரும்பாலும் ளகரம்தான். வகுப்பே சிரித்தது, நானும் சேர்ந்து பதிவு செய்யத் தொடங்கினேன். ஏட்டில் எழுதும் ஒலி ஒன்று, ஊரில் பேசும் ஒலி ஒன்று என்று அன்று தனியாக ஒரு பாடமே நடத்த வேண்டியதாயிற்று. ஆச்சி 'பளம்' என்றால் அது தவறில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். இல்லாவிட்டால் பிள்ளைகள் ஊருக்குப் போய் ஆச்சியைத் திருத்தத் தொடங்கிவிடுவார்கள்.

அடுத்தது தட்டச்சு. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழ் வரவழைக்கும் பிள்ளை, முதலில் வந்த சொல்லையே தொட்டுவிடுகிறது. "நான் பல்லிக்குப் போனேன்" என்று எனக்கே செய்தி வந்திருக்கிறது. இதற்கு மருந்து, 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் செயலியில் அது இருக்கிறது. அதில் லகரத்துக்கும் ளகரத்துக்கும் தனித்தனி விசை. எது வேண்டும் என்பதைப் பிள்ளைதான் தீர்மானிக்க வேண்டும். அ, ம, ம, ஆ என்று தட்டினால் 'அம்மா' வரும். முதல் மகரத்துக்குப் புள்ளி தானே விழும். ங-வை அடுத்துக் க தட்டினாலும், ந-வை அடுத்துத் த தட்டினாலும் அப்படியே. 'ஏன் சார்?' என்று பிள்ளை கேட்கும் இடத்தில் இனவெழுத்துப் பாடத்தைத் தொடங்கலாம். நான் இருபது நிமிடம் கரும்பலகையில் விளக்கியதைவிட இது நன்றாகவே பதிகிறது.

வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்றுதான். ஊரில் உள்ள பெரியவர் ஒருவரிடம் அனுமதி கேட்டு, இரண்டு நிமிடம் பேசச் சொல்லிப் பதிவு செய்து வரவேண்டும். அந்தச் சிறுமியின் ஆச்சி நெல் புடைத்த கதையைச் சொன்னார். அதில் வந்த 'சுளகு' வகுப்பில் யாருக்கும் புரியவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இப்போது இணையத்தில் கிடைக்கிறது. தேடி, முறம் என்று கண்டுபிடித்தார்கள். சுளகில் வருவது எந்த ள என்று கேட்டேன். மூன்று முறை பதிவைப் போட்டுக் கேட்டுவிட்டுச் சரியாகச் சொன்னார்கள். மறுவாரம் அந்தச் சிறுமி, "ஆச்சியோட இப்போ நானே பேசுறேன் சார், அம்மா நடுவில் சொல்ல வேண்டாம்" என்றாள்.

எல்லா வீட்டிலும் பிள்ளைக்கென்று கைப்பேசி இல்லை. வாங்கித் தரவும் வேண்டாம். வீட்டில் பழைய கைப்பேசி சும்மா கிடந்தால், அதிலுள்ள படங்களையும் எண்களையும் அழித்துவிட்டு வகுப்புக்குத் தந்துதவலாம். சிம் தேவையில்லை. ஒலிப்பதிவும் பேட்டரியும் வேலை செய்தால் போதும்.