எலுமிச்சம்பூவைப் பிரித்துப் பார்ப்போம்

ஏழாம் வகுப்பில் பூவின் பாகங்கள் என்றதும் நாம் கையில் எடுப்பது செம்பருத்தி. பெரிய பூ, எங்கும் கிடைக்கும். ஆனால் முதன்முதலாகப் பூவைப் பிரிக்கும் குழந்தைக்கு அது குழப்பமான பூ என்பது என் அனுபவம். புல்லி வட்டத்துக்கு வெளியே இன்னொரு பச்சை வளையம் இருப்பதால் ஐந்து வட்டம் என்று எண்ணிவிடுகிறார்கள். மகரந்தக் கம்பிகள் இணைந்து குழலாகிச் சூல்தண்டை மூடிக்கொள்வதால் ஆண் பாகமும் பெண் பாகமும் ஒரே குச்சியாகத் தெரிகின்றன. அடுக்குச் செம்பருத்தி என்றால் கேட்கவே வேண்டாம். மகரந்தத் தாள்களில் பல இதழ்களாகவே மாறியிருக்கும்.

வாசுதேவநல்லூரில் நான் எலுமிச்சம்பூவை எடுத்துக்கொள்கிறேன். பக்கத்துப் புளியங்குடிச் சந்தைக்குக் காய் அனுப்பும் குடும்பங்களின் பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள். "பூவைப் பறிச்சா காய் போயிரும்னு அப்பா ஏசுவாங்க சார்" என்றான் ஒருவன். நியாயம்தான். காலையில் மரத்தடியில் உதிர்ந்து கிடப்பவற்றை மட்டும் பொறுக்கி வரச் சொன்னேன்.

ஆளுக்கு நான்கைந்து பூ, ஒரு ஊக்கு, ஒரு வெள்ளைத்தாள். வெளியிலிருந்து உள்ளே பிரித்து வைத்தார்கள். கிண்ணம் போன்ற சிறு புல்லி வட்டம்; நான்கைந்து வெள்ளை அல்லி இதழ்கள்; இருபதுக்கும் குறையாத மகரந்தத் தாள்கள்; நடுவில் சூற்பை, சூல்தண்டு, சூல்முடி என மூன்றும் தெளிவாகத் தெரியும் சூலகம்.

"என் பூவுல நடுவுல ஒண்ணுமே இல்ல சார்!"

பார்த்தால், சூலகம் வளராமல் சின்னப் புள்ளியாக நின்றிருந்தது. அப்படிப் பல பூக்கள் இருந்தன. எலுமிச்சையில் இருபால் பூக்களோடு ஆண் பூக்களும் பூக்கும். ஆண் பூ காய்க்காமல் முழுதாக உதிர்ந்துவிடும். இரண்டு பாலும் உள்ள பூ நம்ம கோயில் அர்த்தநாரீஸ்வரர் மாதிரியா என்று ஒரு மாணவி கேட்டாள். அதைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தோன்றவில்லை. ஏசுவார்கள் என்று பயந்த மாணவனோ, உதிர்ந்ததெல்லாம் நஷ்டம் இல்லை என்று அப்பாவிடம் சொல்லப்போவதாகக் கிளம்பினான். தண்ணீர் போதாவிட்டாலும் பூ கொட்டும், அதையும் சேர்த்துச் சொல் என்றேன்.

மறுநாள் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். காம்புப் பக்கம் ஒட்டியிருக்கும் சிறு வளையம் நேற்றுப் பார்த்த புல்லி வட்டம். எதிர்முனையின் சிறு கூர், சூல்தண்டு உதிர்ந்த இடம். குறுக்கே வெட்டினால் தெரியும் சுளைகள் ஒவ்வொன்றும் ஒரு சூலக இலை. எண்ணச் சொன்னால் ஒன்பது, பத்து என்று பழத்துக்குப் பழம் மாறும். அதைத் திருத்த வேண்டாம், அப்படியே எழுதட்டும்.

எலுமிச்சை பூக்காத நாட்களில் ஆவாரம்பூ உதவும். அதன் பத்து மகரந்தத் தாள்களும் ஒரே அளவில் இருக்காது. ஏன் என்ற கேள்வி வரும். கால் மணி நேரம் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.