முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போகுமா?

மாணவர்களே! தெருமுனையில் உள்ள பழைய வீடுகளைக் கவனித்திருக்கிறீர்களா? சில வீடுகளில் சுவரின் மூலையை ஒட்டி ஒரு கருங்கல் நட்டிருக்கும். திரும்பும் மாட்டு வண்டியின் சக்கரம் சுவரை இடித்துவிடாமல் இருக்க அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு அது. மாடுகள் மூலையை ஒழுங்காகத்தான் தாண்டியிருக்கும். பின்னால் வரும் சக்கரம் மட்டும் ஏன் சுவர்ப்பக்கம் நெருங்குகிறது? இதற்கு விடை தெரிந்தால், நகருக்குள் லாரிகளுக்கு ஏன் இத்தனை கட்டுப்பாடுகள் என்பதும் விளங்கும். சைக்கிளில் பள்ளி செல்கிறவர்களுக்கு உயிர் காக்கும் பாடமும் அதில் இருக்கிறது.

ஒரு லாரி இடப்புறம் திரும்புகிறது என்று கொள்வோம். ஸ்டியரிங்கைச் சுற்றினால் முன்சக்கரங்கள் மட்டுமே திரும்புகின்றன. பின்சக்கரங்கள் வண்டியின் உடலோடு நேராகவே நிற்கின்றன. ஆகவே லாரி சுற்றும் வட்டத்தின் மையம், பின் அச்சை இடப்பக்கம் நீட்டினால் வரும் கோட்டின் மேல்தான் அமையும். ஒரு தாளில் படம் வரைந்து பாருங்கள். மையம், இடது பின்சக்கரம், இடது முன்சக்கரம் ஆகிய மூன்றையும் இணைத்தால் ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கும். செங்கோணம் பின்சக்கரத்தில் இருக்கிறது. மையத்திலிருந்து முன்சக்கரத்துக்குச் செல்லும் கோடே கர்ணம்.

இரு சக்கரங்களுக்கும் இடையே 6 மீட்டர் என்றும், முன்சக்கரம் 10 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் செல்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். பிதாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்துங்கள். 100-இலிருந்து 36-ஐக் கழித்தால் 64. அதன் வர்க்கமூலம் 8. அதாவது, பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட 2 மீட்டர் உள்ளே தள்ளிச் செல்கிறது! சக்கர இடைவெளி 2.5 மீட்டர் உள்ள காருக்கு இதே கணக்கைப் போட்டால் சுமார் 32 சென்டிமீட்டர்தான் வரும். (வட்டம் முழுமையாக அமைந்தால் வரும் அளவு இது. தெருமுனைத் திருப்பத்தில் சற்றுக் குறையும்.)

இரண்டு மீட்டர் என்பது ஒரு சைக்கிளும் அதில் அமர்ந்த மாணவரும் தாராளமாக நிற்கும் இடம். லாரியின் முன்பகுதி தாண்டிவிட்டதே, இனிப் பயமில்லை என்று மாணவர் நினைப்பார். அப்போதுதான் பின்சக்கரம் அவரை நோக்கி ஒதுங்கி வரும். ஓட்டுநர் வலப்பக்கம், உயரத்தில் அமர்ந்திருக்கிறார். இடப்புறம் வண்டியை ஒட்டி நிற்பவர் அவர் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அனுபவமுள்ள ஓட்டுநர் பின்சக்கரம் மூலையில் ஏறாமலிருக்க, முதலில் சற்று வலப்புறம் ஒதுங்கி, பிறகே இடப்புறம் திரும்புவார். பின்னால் வருபவர் லாரி வலப்புறம் போகிறது என்று எண்ணி இடப்பக்கம் நுழைந்தால் என்ன ஆகும்? தெருமுனையருகே வண்டி நிறுத்தக்கூடாது என்ற விதியின் பொருளும் இப்போது புரிகிறதல்லவா? அங்கே ஒரு லாரி நின்றால், திரும்புகிற லாரிக்கு ஒதுங்க இடமிராது.

நேரான சாலையில் நிறுத்தினால் மட்டும் தீங்கில்லையா? நகரச் சாலையில் ஒரு தடத்தின் அகலம் சுமார் 3.5 மீட்டர், லாரியின் அகலம் சுமார் 2.5 மீட்டர். ஆகவே நிற்கும் ஒரு லாரி ஒரு தடத்தையே அடைத்துவிடும். ஒரு தடத்தில் 2 விநாடிக்கு ஒரு வண்டி வீதம் மணிக்கு 1,800 வண்டிகள் செல்லலாம். இரு தடங்களில் 3,600. மணிக்கு 2,400 வண்டிகள் வரும் சாலையில் ஒரு தடம் அரை மணி நேரம் அடைபட்டால், 300 வண்டிகள் தேங்கிவிடும். லாரி நகர்ந்த பிறகும் அந்தத் தேக்கம் கரைய மேலும் கால் மணி நேரம் ஆகும். அந்த வரிசையில் ஓர் ஆம்புலன்சும் இருக்கலாம்.

இது புதிய தொல்லையன்று. கி.மு. முதல் நூற்றாண்டிலேயே ரோம் நகரில் பகலில் பாரவண்டிகளுக்குத் தடை இருந்தது. இரவெல்லாம் வண்டிச் சத்தத்தால் தூக்கம் கெட்டதாகப் பிற்காலத்தில் ஜுவெனல் என்ற கவிஞர் குறைபட்டார். நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், வண்டிகள் செல்வதைக் கட்டுப்படுத்தவும் நிறுத்துமிடங்களைக் குறிக்கவும் அதிகாரம் தருகிறது.

ஆனால் பலகை மட்டும் போதுமா? இரவெல்லாம் ஓட்டி வந்தவருக்குக் குளிக்கவும் உறங்கவும் இடம் வேண்டும். அது இல்லாவிட்டால், இந்தத் தெருவில் விரட்டப்பட்ட லாரி அடுத்த தெருவில் நிற்கும். தொல்லை இடம் மாறுமே தவிர, தீராது. சரக்கு இறங்கும் இடத்தையே மாற்றுவது ஒரு வழி. சென்னையில் நெருக்கடி மிகுந்த கொத்தவால் சாவடியிலிருந்து காய்கறி மொத்த வியாபாரம் 1996-இல் கோயம்பேட்டுக்கு மாறியது இப்படித்தான். ஆனால் கோயம்பேட்டைச் சுற்றியும் பிறகு நகரம் வளர்ந்துவிட்டது. எனவே இந்தக் கணக்கை ஒரு முறை போட்டால் போதாது. நகரம் வளர வளரத் திரும்பத் திரும்பப் போட வேண்டும்.

செய்து பாருங்கள்: வண்டி வராத மைதானத்தில் சைக்கிள் டயர்கள் இரண்டையும் நனைத்து, உலர்ந்த சிமெண்டுத் தரையில் வளைவாகத் தள்ளிச் செல்லுங்கள். இரண்டு ஈரத் தடங்கள் தெரியும். உள்தடம் எந்தச் சக்கரத்தினுடையது? இடைவெளியை அளந்து, கணக்கோடு ஒப்பிடுங்கள். நாளை முதல், திரும்பக் காத்திருக்கும் லாரியைக் கண்டால் அதன் இடப்பக்கம் நுழையாமல் பின்னாலேயே நின்றுவிடுங்கள். பிதாகரஸ் தேற்றத்தை நன்கு கற்றீர்கள் என்பதற்கு அதுவே சான்று.