புதுக் கருவி பழகுதல்

தச்சனுக்கு உளி எத்தகையதோ, நிரல் எழுதுவார்க்கு அவர்தம் கருவியும் அத்தகையதே. கைக்குப் பழகிய கருவியை விடுதல் எவர்க்கும் எளிதன்று. எனினும், தொழில் வளருங்கால் கருவியும் மாறுதல் வேண்டும். இவ்வுண்மையைக் கணினித் துறையின் வரலாறொன்று நன்கு விளக்கும்.

பெரிய மென்பொருள் ஒன்று ஆயிரக்கணக்கான கோப்புகளால் ஆயது. அவற்றுள் ஒன்றைத் திருத்தினால், அதனைச் சார்ந்த பகுதிகளையெல்லாம் மீண்டும் உருவாக்கி இணைத்தல் வேண்டும். இப்பணியை மறதியின்றிச் செய்வது கட்டமைப்புக் கருவி எனப்படும். அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்பார், 1976ஆம் ஆண்டில் 'மேக்' என்னும் கருவியை ஆக்கினார். பிழையைத் திருத்திய பின்னர்க் கோப்பை மீண்டும் உருவாக்காது விட்ட உடன்பணியாளர் ஒருவர், இல்லாத பிழையைத் தேடி ஒரு காலைப் பொழுதை வீணாக்கினார். அந்நிகழ்ச்சியே மேக் பிறத்தற்குக் காரணமாயிற்று.

1996ஆம் ஆண்டில் தொடங்கிய கே.டி.இ. என்பது பல நாட்டுத் தன்னார்வலர் கூடி மென்பொருள் ஆக்கும் பெருமுயற்சியாகும். அவர்கள் மேக் கருவிக்கு மேலாக 'ஆட்டோடூல்ஸ்' என்னும் கருவித் தொகுதியைக் கையாண்டனர். அதன் நுட்பம் அறிந்தார் மிகச் சிலரே; ஏனையோர் அதனைத் தொடவும் அஞ்சினர். சிலரது அறிவை மட்டுமே நம்பிப் பெரும்பணி நெடுநாள் நடைபெறுமோ? ஆதலின், 2005இல் 'எஸ்கான்ஸ்' என்னும் வேறொரு கருவிக்கு மாற முயன்றனர். அம்முயற்சி கைகூடவில்லை. அவர்கள் சோர்ந்திலர், செலவிட்ட உழைப்பை எண்ணி அதனையே பற்றி நின்றாருமிலர். 2006இல் 'சிமேக்' என்னும் கருவியைத் தேர்ந்தனர்.

இம்மாற்றத்தை எளிதாக்கியவை மூன்று. பழைய விதிகளைப் புதிய வடிவிற்கு மாற்றும் சிறு நிரலொன்றை எழுதிக்கொண்டமை ஒன்று. சிமேக்கை ஆக்கியோரே குறைகளைக் களைந்து உதவியமை மற்றொன்று. சிமேக், மேக் கருவிக்குரிய விதிகளைத் தானே எழுதித் தருவதாதலின், நிரலாளர் பழகிய கட்டளை பெரும்பாலும் மாறாதிருந்தமை மூன்றாவது. 2008ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கே.டி.இ.யின் நான்காம் பதிப்பு, புதுக் கருவியால் கட்டமைக்கப்பெற்று வெளிவந்தது.

புதியது என்பதனாலேயே ஒன்றை மேற்கொள்ளுதலும், பழகியது என்பதனாலேயே ஒன்றை விடாதிருத்தலும் அறிவுடைமை ஆகா. பயனை ஆராய்ந்து, தவறின் திருத்தி, பழையதன் நன்மையைப் புதியதனோடு இணைத்துக் கொள்வோரே எடுத்த தொழிலை முடிப்பர்.