"மைல்டா, சிவியரா?" என்று கேட்டால் என்ன சொல்வாய், தங்கச்சி?

பிள்ளைக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன வாரத்திலேயே இந்தக் கேள்வி உன் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். மாமியார் கேட்பார், பக்கத்து வீட்டம்மா கேட்பார், ஸ்கூல் அட்மிஷனிலும் கேட்பார்கள். கொஞ்சம் படித்தவர்கள் "ஹை ஃபங்ஷனிங்தானே?" என்பார்கள். ஆமாம் என்று சொன்னதும் நமக்கும் மனசு லேசாகும். எனக்கும் ஆனது. என் பையனுக்கு இப்போது 19 வயது. அந்தச் சொல்லை ஆறு வருஷம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் அவன் இழந்ததைக் கண்ணால் பார்த்தவள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அவன் நன்றாகப் பேசுவான். கணக்கில் தொண்ணூறுக்குக் குறைய மாட்டான். ஆனால் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுவான். சட்டைப் பொத்தான் போட ஆள் வேண்டும். பசி வந்தால்கூட அது பசி என்று அவனுக்குத் தெரியாது. பள்ளியில் உதவி கேட்டேன். "நீங்கள்தானே ஹை ஃபங்ஷனிங் என்றீர்கள்? இவன் வேண்டுமென்றே செய்கிறான்" என்றார்கள். பகலெல்லாம் அடக்கி வைத்ததை அவன் சாயங்காலம் வீட்டில் அழுது தீர்த்தான். அது அடம் என்று நானும் நினைத்து அடித்திருக்கிறேன்.

"ஹை ஃபங்ஷனிங்" என்ற பெயர் மருத்துவத்தில் எந்தக் காலத்திலும் ஒரு நோயறிதல் கிடையாது. அறிவுத்திறன் குறைவில்லாத ஆட்டிசப் பிள்ளைகளைக் குறிக்கப் புழங்கிய பேச்சுவழக்குதான். ஆனால் ஐக்யூ நன்றாக இருந்தால் அன்றாட வாழ்க்கையும் நன்றாக நடக்கும் என்று அர்த்தமில்லை. ஆஸ்திரேலியாவில் ஆட்டிசம் உள்ள 2,225 பிள்ளைகளின் விவரங்களை ஆராய்ந்தவர்கள் 2019-ல் இதைத்தான் சொன்னார்கள். அறிவுத்திறன் குறைபாடு இல்லாத பிள்ளைகளிடம் ஐக்யூவுக்கும் அன்றாடத் திறன்களுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தது. அதனால் இந்தப் பெயரையே கைவிடச் சொன்னார்கள்.

"லோ ஃபங்ஷனிங்" என்ற சொல் செய்யும் கேடு இன்னும் பெரியது. தெரபிக்குப் போன இடத்தில் பேச்சு வராத ஒரு சிறுமி இருந்தாள். திடீரென்று தலையைச் சுவரில் முட்ட ஆரம்பித்தாள். "இந்த மாதிரிப் பிள்ளைகள் இப்படித்தான்" என்று மூன்று வாரம் போனது. கடைசியில் பார்த்தால் கடைவாய்ப் பல்லில் சொத்தை. வலியைச் சொல்ல அவளுக்கு ஒரு வழி வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பல்லை எடுத்த பிறகு படக் கார்டு பழக்கினார்கள். இன்று வயிற்றைக் காட்டும் கார்டை அவளே எடுத்து நீட்டுகிறாள். உன் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்றால், நடத்தை திடீரென்று மாறும்போது முதலில் பல், காது, வயிறு மூன்றையும் காட்டிவிடு.

சரி, கேட்கிறவர்களுக்கு என்ன பதில்? உதவியைச் சொல். "மணிச் சத்தம் தாங்க மாட்டான், ஹெட்ஃபோன் போட விடுங்கள். வாயால் சொன்னால் மறப்பான், எழுதிக் காட்டினால் செய்வான்." இதை வைத்து டீச்சர் ஏதாவது செய்ய முடியும். "மைல்டு" என்ற சொல்லை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இதற்கு ஒரு நோட்டுப் போடு. சாப்பாடு, குளியல், கழிப்பறை, தூக்கம், சத்தம், கூட்டம், ரோட்டில் ஆபத்து என்று ஒவ்வொன்றாக எழுது. தானாகச் செய்கிறானா, சொன்னால் செய்கிறானா, கூட ஆள் வேண்டுமா என்று பக்கத்தில் குறி. காய்ச்சல் நாளிலும் தீபாவளி வாரத்திலும் எப்படி இருந்தான் என்பதைத் தனியாக எழுது. நேற்றுச் செய்ததை இன்று செய்ய முடியாமல் போவது ஆட்டிசத்தில் சகஜம்.

ரிப்போர்ட்டில் "லெவல் 1", "லெவல் 2" என்று இருக்கலாம். 2013-ல் வந்த அமெரிக்க மனநலக் கையேட்டின் முறை அது. எவ்வளவு ஆதரவு தேவை என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. பழகுதலுக்கு ஒன்று, திரும்பத் திரும்பச் செய்யும் நடத்தைகளுக்கு ஒன்று என்று இரண்டு லெவல் தர வேண்டும். ஒன்றுதான் இருந்தால் மற்றதைக் கேட்டு வாங்கு.

இப்போது முக்கியமான இடம், மாற்றுத்திறனாளி சான்றிதழ். 2016 சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. ஐசா என்ற இந்திய அளவுகோலில் 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 70 முதல் 106 வரை லேசானது, 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். சட்டம் தரும் இட ஒதுக்கீடு போன்ற உரிமைகளுக்குச் சான்றிதழில் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு என்று இருக்க வேண்டும். சான்றிதழுக்காகப் பரிசோதிக்கும் அறையில் உட்கார்ந்ததும் "பரவாயில்லைங்க, செய்வான்" என்று தாயின் வாய் தானாகச் சொல்லும். சொல்லாதே. கூட்டியும் சொல்லாதே. நோட்டில் இருப்பதைப் படி. தாளில் எழுதும் சொல் அலுவலகத்துக்கு வேண்டும், இருக்கட்டும். அதை வீட்டில் பிள்ளையின் அடையாளமாக்காதே. அவன் காதுபட அதைப் பேசவே பேசாதே. பேச்சு வராத பிள்ளைக்கும் காது கேட்கும்.

ஒரு நிமிஷம்கூடத் தனியாக விட முடியாத பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் கோபப்படுவது உண்டு. "பெயரை எடுத்துவிட்டால் எங்கள் பிள்ளை கணக்கிலேயே வராமல் போய்விடும்" என்கிறார்கள். அவர்கள் பயம் நியாயமானது. 24 மணி நேரமும் கூட ஆள் தேவைப்படுகிறவர்களை "ஆழ்ந்த ஆட்டிசம்" என்று தனியாகக் குறிக்க வேண்டும் என்று 2021-ல் லான்செட் ஆணையமும் சொன்னது. என்னைக் கேட்டால், அந்தப் பெற்றோரும் அந்த 24 மணி நேரத்தையே சொல்லிக் கேட்கட்டும் என்பேன். "லோ" என்ற சொல்லைக் கேட்டு எந்த அதிகாரியும் இரவுக்கு ஆள் அனுப்பியதை நான் பார்த்ததில்லை.

சான்றிதழுக்கு நாள் கிடைத்திருந்தால், தங்கச்சி, இன்றைக்கே அந்த நோட்டை ஆரம்பித்துவிடு. பதினைந்து நாள் எழுதினாலும் போதும்.