விழிஞ்ஞத்தில் வாரக் கூட்டம் நடத்துவது எப்படி?

விழிஞ்ஞம் போன்ற கேரள மீனவ ஊரிலும் ரோட்டரி சங்கக் கூட்டத்தைத் தொடங்க யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தலைவர் மணியடிப்பார், இறைவணக்கம், நான்கு வழிச் சோதனை என்ற ரோட்டரி நெறிமொழி, செயலாளர் அறிவிப்பு. எல்லாம் பதினைந்து நிமிடம். அதற்கு மேல் போனால் செயலாளர்தான் காரணம். அந்தப் பதவியில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: அறிவிப்புகளை முந்தின நாளே வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, கூட்டத்தில் மூன்றை மட்டும் வாசியுங்கள்.

நாள்: புதன் மாலை. ஞாயிறு மாதா கோயிலுக்கு, வெள்ளி ஜும்ஆவுக்கு. சனிக்கிழமை கோவளம் வழியே வண்டி நகராது. 2016இல் ரோட்டரி இன்டர்நேஷனல், வாரா வாரம் கூட வேண்டும் என்ற விதியைத் தளர்த்தி, மாதம் இரண்டு கூட்டம் போதும் என்றது. எனக்கு ஒப்புதலில்லை. அப்படி வைத்தால், ஒன்றைத் தவறவிட்டவர் முகத்தை ஏறக்குறைய ஒரு மாதம் பார்க்க முடியாது.

இடம்: 1905இல் சிக்காகோவில் நான்கு பேர் ஒருவர் மாற்றி ஒருவர் அலுவலகத்தில் கூடியதால்தான் ரோட்டரி என்ற பெயரே வந்தது. நீங்களும் இடம் மாற்றலாம். ஆனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மீன்பிடித் துறைமுகச் சாலைப் பக்கம் வேண்டாம். மழைக்காலத்தில் சுற்றுவட்டாரப் படகெல்லாம் இங்கேதான் ஒதுங்கும். புதுத் தலைவர் பதவியேற்பதும் ஜூலை 1இல்தான். மாலையும் கையுமாக மீன் லாரிக்குப் பின்னால் நிற்பார்.

சிக்கல் சிறப்பு விருந்தினரில்தான். வங்கி மேலாளரும் டாக்டரும் கூப்பிட்டால் வருவார்கள், ஸ்லைடு போட்டு ஐம்பது நிமிடம் பேசுவார்கள். இந்த ஊரில் கேட்க வேண்டியது கடலுக்குப் போகிறவர் பேச்சை. நாங்கள் முதலில் அழைத்த ஒரு பெரியவரை மேடையேற்றி மைக்கைக் கொடுத்தோம். "எல்லாருக்கும் நன்றி" என்றார், இறங்கிவிட்டார். தப்பு எங்களுடையது.

கடிதம் அனுப்பாதீர்கள். வலை தைக்கும் இடத்துக்கு நேரில் போய், பக்கத்தில் உட்கார்ந்து, 'அண்ணா' என்று அழைத்துப் பேசுங்கள். இரண்டு வாரம் முன்னால் தேதி குறிப்பதெல்லாம் நடக்காது. கடல் எப்படி என்று அன்று காலை கேட்டுவிட்டு முடிவுசெய்யுங்கள். அவர் வராவிட்டால் பேச உறுப்பினர் ஒருவர் தயாராக இருக்கட்டும்.

மேடை வேண்டாம். நாற்காலி போட்டு, எதிரில் ஒரே ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்கட்டும். முதல் கேள்வி கை வேலையைப் பற்றி: இந்த வலையின் கண் ஏன் இத்தனை சிறிது? எந்தக் காற்றில் எந்த மீன்? "உங்கள் பிரச்சினைகள் என்ன?" என்று தொடங்கினால் மனுதான் கிடைக்கும். 2017 நவம்பர் ஒக்கி புயலைப் பற்றி, முன்கூட்டித் தனியாகச் சம்மதம் வாங்காமல் வாயே திறக்காதீர்கள். கரையில் நிறைய வீடுகளில் இன்னும் ஒருவர் திரும்பி வரவில்லை.

அவர் பேசும் கடற்கரை மலையாளத்தில் தமிழ் கலந்திருக்கும். கன்னியாகுமரிக்காரனான எனக்குப் பாதி வீட்டுப் பேச்சு. திருவனந்தபுரம் உறுப்பினர்கள் முன்னால் சாய்ந்து கேட்பார்கள். சாயட்டும், நடுவில் புகுந்து மொழிபெயர்க்காதீர்கள்.

இங்கே கட்டிய புதுச் சரக்குத் துறைமுகத்தைப் பற்றிய பேச்சு வராமல் இருக்காது. 2022இல் அதன் வாசலில் மாதக்கணக்கில் மீனவர் போராட்டம் நடந்தது. 2024 ஜூலையில் சான் பெர்னாண்டோ என்ற பெரிய கப்பலும் வந்தது. உங்கள் சங்கத்திலேயே துறைமுகத்தால் பிழைப்பவர் இருப்பார். ஒரே விதி: உறுப்பினர் விருந்தினரைக் கேள்வி கேட்கலாம், உறுப்பினருக்கு உறுப்பினர் பதில் சொல்லக் கூடாது. மீறினால் தலைவர் மணியைத் தொடட்டும். பெரும்பாலும் அடிக்க வேண்டியிராது.

இருபது நிமிடம் பேச்சு, பத்து நிமிடம் கேள்வி, பிறகு சாப்பாடு. சாப்பாட்டை முன்னால் வைத்தால் பாதிப் பேர் கைகழுவப் போன வழியே வீட்டுக்குப் போய்விடுவார்கள். நினைவுப் பரிசாகக் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் வேண்டாம், நனைந்தாலும் எரியும் டார்ச் கொடுங்கள்.

கூட்டக் குறிப்பை அன்றிரவே எழுதுங்கள். விருந்தினர் எதையாவது கேட்டிருந்தால், அடுத்த புதன் வாசிக்கும் மூன்று அறிவிப்புகளில் முதலாவது அதுதான்.