விற்பவர் அறிந்தது

நுழையும்முன்

பொருள் ஒன்று விலையாகும்போது பணத்தோடு நம்பிக்கையும் கைமாறுகிறது. பயன்படுத்திய மோட்டார் சைக்கிளை விற்பவர் அதன் குறைநிறைகளை நன்கு அறிவார். அதை வாங்க வரும் புதியவரோ வண்டியையும் அறியார். சாலையையும் முழுதாக அறியார். அறிந்தவர் அறியாதவர்க்கு எவ்வளவு சொல்லக் கடமைப்பட்டவர்? அன்றாட வாணிகத்தில் எழும் இவ்வினாவை அறநோக்கிலும் சட்டநோக்கிலும் ஆராய்கிறது இப்பாடம்.

வாசலில் நிற்கும் வண்டி

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளலாம். திருச்சிராப்பள்ளியில் ஒரு தெரு, ஞாயிற்றுக்கிழமைக் காலை. வீட்டு வாசலில் 2016ஆம் ஆண்டில் பதிவான 150 சி.சி. மோட்டார் சைக்கிள் ஒன்று துடைத்து நிறுத்தப்பட்டுள்ளது. விற்பவர் நாற்பத்தைந்து வயதினர். வாங்க வந்திருப்பவர் கல்லூரியில் முதலாண்டு பயிலும் இளைஞர். ஓட்டுநர் உரிமம் பெற்று இரண்டு மாதங்களே ஆகின்றன. அவருடைய தாய் நகையை அடகுவைத்துத் தந்த பணம் அவர் சட்டைப்பையில் இருக்கிறது.

விற்பவருக்கு அவ்வண்டியைப் பற்றி மூன்று செய்திகள் தெரியும். ஈராண்டுகளுக்கு முன் நேர்ந்த விபத்தில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் வளைந்தது. அதை மாற்றாமல் நிமிர்த்திப் பொருத்தினார்கள். வேகம் கூடினால் கைப்பிடி இலேசாக அதிரும். பின்சக்கர டயர் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் ஆண்டுகள் பல கடந்தது. அதன் இரப்பர் இறுகிவிட்டது. மூன்றாவதாக, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு அவ்வண்டியில் இல்லை.

நான்காவது செய்தி ஒன்றையும் அவர் அப்போதே அறிந்துகொண்டார். தெருமுனைவரை ஓட்டிப் பார்த்த இளைஞர், கிளட்சை விடும்போது இருமுறை எஞ்சினை அணைத்துவிட்டார். நிறுத்தும்போது முன்பிரேக்கைத் தொடவே இல்லை.

“லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் அண்ணா?” என்று கேட்டார் இளைஞர். விடை கிடைத்தது. “வேறு குறை ஒன்றும் இல்லையே?” என்று அடுத்துக் கேட்டார். விற்பவர் புன்னகை செய்தார், வாய் திறக்கவில்லை.

கேட்கத் தெரியாத கேள்விகள்

பட்டறிவு உடையவர் பழைய வண்டியைப் பார்க்கும் முறை வேறு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே அதை முதலில் இயக்கிப் பார்ப்பார். முன்கூட்டியே சூடேற்றி வைத்த எஞ்சின் தன் குறையை மறைத்துவிடும் என்பதை அவர் அறிவார். புகைபோக்கியில் நீலம் கலந்த புகை வந்தால் எஞ்சினுக்குள் எண்ணெய் எரிகிறது என்று உணர்வார். டயரின் பக்கவாட்டில் பொறித்துள்ள நான்கு இலக்கங்களைப் படிப்பார். 2317 என்றிருந்தால் அது 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் உருவானது. ஃபோர்க்கில் எண்ணெய் கசிகிறதா, செயின் தளர்ந்துள்ளதா, பதிவுச் சான்றிலுள்ள எண்ணும் சேசிஸில் பொறித்த எண்ணும் ஒத்துள்ளனவா என்று நோக்குவார்.

புதியவர் வண்ணத்தைப் பார்ப்பார். எரிபொருள் சிக்கனத்தைக் கேட்பார். விடை தெரியாமை ஒருவகை அறியாமை. எதைக் கேட்பது என்றே தெரியாமை அதனினும் ஆழ்ந்த அறியாமை. “கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்” என்று விற்பவர் கூறும் சமாதானம், கேட்கத் தெரிந்தவரிடம் மட்டுமே செல்லுபடியாகும்.

ஒரே வண்டி, இரண்டு ஆபத்துகள்

வண்டியின் குறை எல்லார்க்கும் ஒரே அளவில் தீங்கு செய்வதில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். வேகம் இருமடங்கானால் பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கத் தேவைப்படும் தொலைவு நான்கு மடங்காகும். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னோக்கிச் சாய்வதால், நிறுத்தும் ஆற்றலின் பெரும்பகுதி முன்பிரேக்கிலிருந்தே கிடைக்கிறது. பழகியவர் அதைப் படிப்படியாக அழுத்துவார். புதியவர் அதைத் தொட அஞ்சுவார். அல்லது திகைப்பில் ஒரே பிடியாகப் பிடித்துவிடுவார். ஏ.பி.எஸ். இல்லாத வண்டியில் அப்பிடி முன்சக்கரத்தைப் பூட்டி, ஓட்டுபவரைச் சாய்த்துவிடக்கூடும்.

125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய இருசக்கர வண்டிகள் அனைத்திலும் ஏ.பி.எஸ். இருக்கவேண்டும் என்னும் விதி இந்தியாவில் 2019ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பழைய வண்டியை விற்பது குற்றமன்று. ஆயினும், பழகிய கை ஈடுகட்டிவிடும் குறை பழகாத கைக்குப் பேராபத்தாக முடியலாம். வண்டியின் நிலையைச் சொல்வது எவ்வளவு இன்றியமையாதது என்பது வாங்குபவர் யார் என்பதையும் பொறுத்தது.

சட்டத்தில் ஒரு குதிரை

வாங்குபவரே விழிப்பாக இருக்கவேண்டும் என்பது வாணிகச் சட்டத்தின் பழைய நெறி. இந்தியாவின் 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டமும் அந்நெறியிலிருந்தே தொடங்குகிறது. எனினும், விற்பவர் அத்தகைய பொருள்களை விற்பதையே தொழிலாகக் கொண்டவராகவும், வாங்குபவர் அவருடைய அறிவை நம்பியவராகவும் இருக்கும் நிலைக்கு அச்சட்டம் விலக்குத் தருகிறது. ஆகவே, பழைய வண்டிகளை விற்கும் கடைக்காரரின் பொறுப்பு, தம் சொந்த வண்டியை விற்பவரின் பொறுப்பைவிடக் கூடுதலானது.

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு வஞ்சகத்தை வரையறுக்கிறது. அப்பிரிவு தரும் எடுத்துக்காட்டுகளில் ஒரு குதிரை இடம்பெறுகிறது. நோயுற்ற குதிரையை ஒருவர் ஏலத்தில் விற்கிறார், குறையைச் சொல்லவில்லை. வெறும் மௌனம் வஞ்சகமாகாது என்கிறது சட்டம். அடுத்த எடுத்துக்காட்டில் வாங்குபவர் விற்பவரின் மகள். அப்போதுதான் உரிய வயதை அடைந்தவர். அவ்வுறவின் காரணமாகக் குறையைச் சொல்வது தந்தையின் கடமையாகிறது. மூன்றாவது எடுத்துக்காட்டில், “நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருப்பதாகவே கொள்வேன்” என்னும் கருத்துப்பட வாங்குபவர் கூறுகிறார். அதன்பின் விற்பவர் காக்கும் மௌனம், பேச்சுக்கு இணையானதாகிறது.

குதிரை இருந்த இடத்தில் இன்று மோட்டார் சைக்கிள் நிற்கிறது. “வேறு குறை ஒன்றும் இல்லையே?” என்னும் இளைஞரின் கேள்வி, மூன்றாவது எடுத்துக்காட்டை மிகவும் நெருங்கியது. அதற்கு விடையாக வந்த புன்னகையை அவர் ‘இல்லை’ என்றே புரிந்துகொள்வார். அவ்வாறு புரிந்துகொள்வார் என்பது விற்பவருக்கும் தெரியும்.

சட்டம் வாங்குபவரையும் பொறுப்பிலிருந்து விடுவிக்கவில்லை. இயல்பான முயற்சியால் உண்மையை அறிய வாய்ப்பிருந்தும் அறியாமல் விட்டவர், விற்பவரின் மௌனத்தைக் காட்டி ஒப்பந்தத்தை விலக்கிக்கொள்ள இயலாது என்கிறது அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு. நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது வாங்குபவரின் கடமை.

சட்டத்திற்கு அப்பால்

சட்டம் குறைந்த அளவுக் கடமையை வரையறுக்கிறது. அறம் அதற்கு மேலும் எதிர்பார்க்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றும் பட்டினப்பாலை, வாங்கும்போது அளவுக்கு மேல் பெறாமலும் விற்கும்போது அளவைக் குறைக்காமலும் வாழ்ந்தவர்களாக அவர்களைக் காட்டுகிறது. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரம், பிறருடையதையும் தம்முடையதாகக் கருதி நடக்குமாறு வணிகரை அறிவுறுத்துகிறது. அவ்வறத்தை இக்காட்சியில் பொருத்தினால் எழும் வினா எளியது: தம் சொந்த மகன் அந்த வண்டியை ஓட்டிச் செல்வதாக இருந்தால், விற்பவர் எவற்றையெல்லாம் சொல்லியிருப்பார்?

மோட்டார் சைக்கிளின் குறை, விலை பேசிய இருவரோடு நின்றுவிடுவதும் இல்லை. பின்னிருக்கையில் அமரும் தங்கை, சாலையைக் கடக்கும் முதியவர், எதிரே மிதிவண்டியில் வரும் சிறுவன் ஆகியோர் அந்த விலையை ஒப்புக்கொண்டவர்கள் அல்லர். எனினும் மறைத்த குறையின் பயனை அவர்களும் நுகர நேரலாம்.

குறையற்ற வண்டியும் பழகாத கையும்

வண்டியில் குறையே இல்லை. ஆனால் அது புதியவரின் திறனை மீறிய ஆற்றல் உடையது எனில், விற்பவர் என்ன செய்யவேண்டும்? இதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. வயது வந்தவரின் முடிவை அவரே எடுக்க உரிமையுண்டு. விற்பவர் அவருக்குக் காப்பாளர் அல்லர். எனினும், தாம் கண்டதைச் சொல்லாமல் விடுவதற்கு அவ்வுரிமை காரணமாகாது. முழுமையான செய்தி கிடைத்தபின் எடுக்கும் முடிவே உண்மையில் அவருடைய முடிவாகும்.

இங்கு மூன்று நிலைகள் உள்ளன. உரிமம் இல்லாதவரிடமோ உரிய வயதை எட்டாதவரிடமோ வண்டியின் சாவியைக் கொடுத்து ஓட்டவிடக் கூடாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, 50 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வண்டியை ஓட்டுவதற்கு 18 வயது நிரம்பியிருக்கவேண்டும். உரிமம் பெற்ற புதியவரிடம், வண்டியின் ஆற்றலையும் அவர் பயிற்சியின் போதாமையையும் மதிப்புக் குறையாமல் எடுத்துரைத்து, முடிவை அவரிடமே விடவேண்டும். பழகியவரிடம் வண்டியின் குறைகளைச் சொன்னால் போதும்.

பெயர் மாற்றமும் ஒரு கடமை

பணத்தைப் பெற்றதும் விற்பவரின் பொறுப்பு முடிவதில்லை. ஒரே மாநிலத்திற்குள் விற்ற வண்டியின் உரிமை மாற்றத்தை, விற்பவர் 14 நாள்களுக்குள் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவிக்கவேண்டும். வாங்குபவர் காப்பீட்டையும் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே சட்டப்படி உரிமையாளர் என்று 2018ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பெயரை மாற்றாமல் வண்டியை மட்டும் கொடுத்தால், விபத்து நேரும்போது இழப்பீட்டுப் பொறுப்பு விற்றவரையே வந்து சேரலாம்.

தெரியுமா?

அமெரிக்கப் பேச்சுவழக்கில் குறையுள்ள பழைய வண்டியை ‘எலுமிச்சை’ என்பர். பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் வெளியிட்ட கட்டுரையில், பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டார். எது நல்ல வண்டி என்று அறியாதபோது வாங்குபவர்கள் எல்லா வண்டிக்கும் நடுத்தர விலையே தருவர். அவ்விலை கட்டுப்படியாகாமல் நல்ல வண்டி வைத்திருப்பவர்கள் சந்தையை விட்டு விலகுவர் என்று அவர் விளக்கினார். மறைப்பவரின் செயல் நேர்மையாக விற்பவரையும் பாதிக்கிறது. மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் 2001இல் அவர் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மீண்டும் அதே வாசல்

திருச்சிராப்பள்ளி வீட்டு வாசலில் பணம் இன்னும் கைமாறவில்லை. புன்னகைக்கும் பேச்சுக்கும் இடையே விற்பவர் முடிவெடுக்கச் சில நொடிகள் எஞ்சியுள்ளன. “தம்பி, ஃபோர்க் ஒருமுறை வளைந்து நிமிர்த்தியது. பின்டயரையும் மாற்றவேண்டும். இதில் ஏ.பி.எஸ். கிடையாது, முன்பிரேக்கை மெல்ல அழுத்திப் பழகுங்கள். மெக்கானிக்கை அழைத்துவந்து பார்த்தபின் விலை பேசுவோம்” என்று அவர் சொன்னால், விலையில் ஒரு பகுதியை இழப்பார். இளைஞர் வாங்காமலே போய்விடவும் கூடும்.

அந்த இழப்பு உண்மையானது. சிறிதென்று ஒதுக்கத்தக்கதும் அன்று. எனினும், சொல்லாமல் பெறும் கூடுதல் பணம் குறையுள்ள ஃபோர்க்குக்கும் இறுகிய டயருக்கும் உரிய விலை. அது நியாயப்படி விற்பவர்க்கு உரியதன்று. சொன்னபின் பெறும் தொகை எவ்வளவாயினும் அது வண்டியின் விலை. அவ்விளைஞர் வண்டியை ஓட்டிக்கொண்டு தெருமுனையைத் திரும்பும்போது, விற்றவர் அச்சமின்றி அதைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

கற்பவை கற்றபின்

1. பழைய மிதிவண்டி, கைப்பேசி, பாடநூல் ஆகியவற்றுள் ஒன்றை விற்பதாகக் கொண்டு, வாங்குபவரிடம் சொல்லவேண்டிய உண்மைகளைப் பட்டியலிடுக.

2. ‘வாங்குபவரின் விழிப்பே போதுமானது’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

குறுவினா

1. டயரில் பொறித்துள்ள நான்கு இலக்கங்கள் எதை உணர்த்துகின்றன?

2. பதிவேட்டில் பெயர் மாற்றாமல் வண்டியைக் கொடுப்பதால் விற்றவர்க்கு நேரக்கூடியது யாது?

சிறுவினா

1. ஒப்பந்தச் சட்டம் கூறும் மூன்று குதிரை எடுத்துக்காட்டுகளையும் ஒப்பிட்டு எழுதுக.

2. ஒரே வண்டியின் குறை பழகியவரையும் புதியவரையும் வெவ்வேறு வகையில் பாதிப்பது எவ்வாறு?

நெடுவினா

‘அறிந்தவரின் மௌனம் எப்போது பொய்யாகிறது?’ – பாடப்பகுதியைக் கொண்டும் அன்றாட நிகழ்வுகளைக் கொண்டும் விவரிக்க.