கல்லாப்பெட்டியா, காலேஜா? சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில், விழுப்புரம் பாகர்ஷா வீதியிலும் திண்டிவனம் நேரு வீதியிலும் கடை வைத்திருக்கும் வீடுகளில் ஒரே பேச்சுதான். பிள்ளையைக் காலேஜில் சேர்ப்பதா, கடையில் உட்கார வைப்பதா? அரிசி மண்டி, மல்லாட்டை (நிலக்கடலை) மண்டி, ஆயில் மில், உரக்கடை, மெடிக்கல், ஹார்டுவேர் என்று எந்தக் கடையானாலும் பேச்சு மாறாது. மாமா ஒன்று சொல்வார், சித்தப்பா வேறொன்று சொல்வார், ஆடிட்டர் இரண்டுக்கும் தலையாட்டுவார். முடிவெடுக்க வேண்டிய பிள்ளை மட்டும் போனை நோண்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கும்.

அந்தப் பேச்சில் ஆண்டுதோறும் வந்து விழும் சில நம்பிக்கைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். எனக்குப் படிப்பின் மேலும் குறை இல்லை, வியாபாரத்தின் மேலும் குறை இல்லை. கடையின் வரவு செலவு என்ன, கடன் எவ்வளவு, எது யார் பெயரில் இருக்கிறது என்று எதையுமே காட்டாமல் "நீயே முடிவு பண்ணுப்பா" என்கிறோமே, அதுதான் குறை.

"கல்லா இருக்கறப்ப காலேஜ் எதுக்கு?"

மளிகைக் கடைக்கு இது ஓரளவு பொருந்தும். மெடிக்கலுக்கும் உரக்கடைக்கும் பொருந்தாது. 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டப்படி, சீட்டுக்கு மருந்து கொடுப்பவர் பதிவுபெற்ற மருந்தாளுநராக இருக்க வேண்டும். அதற்கு டி.பார்ம் அல்லது பி.பார்ம் வேண்டும். அப்பா பார்மசி படித்து மெடிக்கல் திறந்திருந்தாலும் அந்தப் பதிவு அவரோடு சரி, மகனுக்கு இறங்காது. யாருடைய சான்றிதழையோ வாடகைக்கு வாங்கிச் சுவரில் மாட்டி ஓட்டுகிற கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. மருந்து ஆய்வாளர் கேள்வி கேட்கும் நாளில் அந்த வாடகை எவ்வளவு என்பது தெரியும்.

உரக்கடையில் நடக்கும் பூச்சிமருந்து விற்பனையும் இப்போது அப்படித்தான். பூச்சிக்கொல்லி விதிகளில் 2015-இல் வந்த திருத்தம், விற்பனை உரிமத்துக்கு வேளாண்மை, வேதியியல், தாவரவியல், விலங்கியல் போன்ற ஒன்றில் பட்டமோ, வேளாண் பட்டயமோ வேண்டும் என்றது. ஏற்கெனவே கடை நடத்திக்கொண்டிருந்தவர்களுக்குக் காலக்கெடு தந்தார்கள், பிறகு நீட்டினார்கள், தளர்த்தினார்கள். முப்பது வருஷமாக உரக்கடை நடத்தும் அப்பா அந்தத் தளர்வில் பிழைத்துக்கொண்டார். நாளைக்குத் தன் பெயரில் உரிமம் கேட்டுப் போகும் மகனிடம் அவருடைய முப்பது வருஷ அனுபவத்தைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், படிப்பைக் கேட்பார்கள். அந்த வீட்டில் பி.எஸ்சி. வேதியியல் சேருவது கடையை விட்டுப் போவது ஆகாது. கடைக்கான உரிமத்தை வாங்கி வருவதுதான் அது.

சட்டத்தை விடுங்கள், சரக்குக்கு வருவோம். திண்டிவனம் கமிட்டிக்கு, அதாவது ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு, மல்லாட்டை மூட்டை வந்து இறங்கினால், பழகிய வியாபாரி ஒரு பிடி அள்ளிக் காதருகே குலுக்குவார். பருப்பு உள்ளே கலகலத்தால் காய்ச்சல் சரி. பிறகு ஒன்றை உடைத்துக் கடிப்பார், விலை சொல்வார். எந்தக் காலேஜும் இதைச் சொல்லித் தராது. இதைப் படிக்க மண்டியில்தான் நிற்க வேண்டும். ஆனால் ஈரம் சுமார் 8 சதவீதத்துக்கு மேல் நிற்கும் கடலையை மூட்டை கட்டி அடுக்கினால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும், அது அஃப்லடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு கடிக்கும் பல்லுக்குத் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியம் நேரடியாகத் தின்னும் நிலக்கடலையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் அதை அனுமதிப்பதில்லை. ஏற்றுமதியாளருக்குச் சரக்குக் கொடுக்க நினைக்கும் மண்டிக்குக் காதும் வேண்டும், ஆய்வகத் தாளைப் படிக்கிற கண்ணும் வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. இந்த ஊர் மல்லாட்டை வியாபாரமே படித்தவர்களின் தோளில் ஏறி வந்ததுதான். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் குடியாத்தம் கொத்து ரக நிலக்கடலையிலிருந்து பொறுக்கியெடுத்து 1940-இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 ரகம் பல பத்தாண்டுகள் தென்னிந்தியா முழுக்க விதைக்கப்பட்டது. டி.எம்.வி. என்றால் திண்டிவனம்தான். மூட்டையில் அந்த மூன்றெழுத்தைப் போட்டு விற்றுக்கொண்டே "படிப்பால என்ன ஆவுது" என்று கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

"படிச்சா கடைப்பக்கம் திரும்பிப் பாக்க மாட்டான்"

பக்கத்துக் கடலூரில் நடந்ததைப் பார்க்கலாம். 1993-இல் விழுப்புரம் தனி மாவட்டமாகும் வரை கடலூரும் விழுப்புரமும் ஒரே தென்னாற்காடு மாவட்டம். அங்கே சின்னி கிருஷ்ணன் என்பவர், ஏழைகளும் வாங்கும்படி பொருளைச் சின்னச் சின்னப் பொட்டலமாக, அதாவது சாஷேயாக, விற்க வேண்டும் என்ற யோசனையோடு தொழில் செய்தார். அவர் மறைந்த பிறகு பிள்ளைகள் தொழிலை எடுத்தார்கள். அவர்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் வேதியியல் படித்தவர். படித்த கையோடு வேறு ஊருக்கு வேலை தேடிப் போகவில்லை. குடும்பத் தொழிலுக்குத்தான் வந்தார். அங்கே அண்ணன் தம்பிகளோடு ஒத்துப்போகாமல் வெளியேறி, 1983-இல் 15,000 ரூபாய் முதலோடு தனியாக ஷாம்பு போட்டார். அப்பாவின் பெயரைச் சுருக்கி வைத்த 'சிக்' ஷாம்புதான் அது. அந்த நிறுவனம் இன்றைய கெவின்கேர்.

குடும்பத் தொழிலிலிருந்து அவரைப் பிரித்தது டிகிரி இல்லை. யார் சொல்வது நடக்க வேண்டும் என்பதில் வந்த வேறுபாடு. நம் ஊர்க் கடைகளிலும் பிள்ளைகள் வெளியேறுவது பெரும்பாலும் இதனால்தான் என்பது என் கணிப்பு. கம்ப்யூட்டர் பில்லிங் போடலாம் என்று மூன்று தடவை கேட்டு மூன்று தடவையும் "உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று கேட்டவன், நான்காவது தடவை சென்னைக்கு பஸ் ஏறுகிறான். பிளஸ் டூவோடு கடைக்கு வந்தவனுக்கும் அதே பஸ்தான்.

"படிக்காமலே ஜெயிச்சவங்க இல்லையா?"

இருக்கிறார்கள். உடனே எடுத்துக்காட்டப்படும் பெயர் ஹட்சன் ஆர்.ஜி. சந்திரமோகன். கல்லூரிப் படிப்பு இல்லாமல், குடும்பச் சொத்தை விற்றுக் கிடைத்த 13,000 ரூபாயில் 1970-இல் சென்னையில் ஐஸ்கிரீம் போடத் தொடங்கினார்; அதுதான் அருண் ஐஸ்கிரீம். ஆனால் இந்தக் கதையை "ஆகவே நீ கடையில் உட்கார்" என்று முடிப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அவர் அப்பா கடையின் கல்லாவில் உட்கார்ந்தவர் அல்ல. புதிதாக ஒன்றைத் தொடங்கியவர். குடும்பக் கடைக்குப் போவதற்கான சாட்சியாக அவரைக் கூப்பிட முடியாது. அதோடு, படிக்காமல் தொடங்கிக் கடையை மூடியவர்களைப் பேட்டி எடுக்க எந்தப் பத்திரிகையும் போவதில்லை.

"கடை எப்படியும் பையனுக்குத்தானே"

இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் பல பிள்ளைகள் காலேஜ் விண்ணப்பத்தைக் கிழித்துப் போடுகிறார்கள். ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கடை அப்பாவின் தனி உடைமை என்றால், சட்டத்தின் கண்ணில் கடையும் அப்பாவும் ஒருவரே. அவர் காலத்துக்குப் பின் அவருடைய ஜி.எஸ்.டி. பதிவு செல்லாது; வாரிசு தன் பெயரில் புதுப் பதிவு வாங்கி, இருப்பில் உள்ள இன்புட் கிரெடிட்டை முறைப்படி மாற்றிக்கொள்ள வேண்டும். உயில் இல்லை என்றால், இந்துக் குடும்பங்களில் அப்பா சுயமாகச் சம்பாதித்தது மனைவி, மகன், மகள், அப்பாவின் தாய் இருந்தால் அவர் என எல்லோருக்கும் சமமாகப் போகும். இது 1956-ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சமபங்கு என்பதைத் தமிழ்நாடு 1989-இலும், நாடு முழுமைக்குமான சட்டம் 2005-இலும் கொண்டுவந்தன. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வேறு சட்டங்கள். அங்கும் பெண்ணுக்குப் பங்கு உண்டு. இந்துக் குடும்பத்தில், பத்து வருஷம் கடையில் உழைத்த மகனுக்கும், கல்யாணமாகி ஆரணி போன மகளுக்கும் சட்டத்தில் ஒரே பங்கு. அதில் அநியாயம் எதுவும் இல்லை. மகனின் பத்து வருஷ உழைப்புக்குத் தனிக் கணக்கு வைக்காமல் விட்டதுதான் தப்பு.

(மகளைக் கல்லாவில் உட்கார வைக்கலாமா என்ற கேள்வியே இந்தப் பேச்சில் எழுவதில்லை. பி.காம். படித்த பெண் வீட்டில் இருக்க, கணக்குப்பிள்ளைக்கு ஆள் தேடும் மண்டிகள் உண்டு.)

கூட்டு வியாபாரம் என்றால் இன்னொரு சங்கதி. அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து நடத்தும் மில்லில், பேரன் பிறந்த சந்தோஷத்தில் தாத்தா அவனையும் லாபத்தில் சேர்த்து எழுதியிருப்பார். மைனர் முழுப் பங்குதாரராக முடியாது. லாபத்தில் மட்டும் சேர்க்கலாம். 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 30-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? அவனுக்குப் பதினெட்டு நிறைந்த நாள், தன்னைச் சேர்த்திருப்பது அவனுக்குத் தெரியவந்த நாள், இந்த இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து 6 மாதத்துக்குள், பங்குதாரராகிறானா இல்லையா என்று அவன் பொது அறிவிப்பு தர வேண்டும். தராமல் இருந்தால் 6 மாதம் முடிந்ததும் தானாகவே பங்குதாரர். அதுமட்டுமா? அவனைச் சேர்த்த நாளிலிருந்து மில் பட்ட கடனுக்கும் அவன் சொந்தப் பொறுப்பாளி. காலேஜில் முதல் வருஷம் படித்துக்கொண்டு, "படிப்பு முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று வீட்டில் எல்லோரும் சும்மா இருக்கும்போதே அந்த முடிவு எடுக்கப்பட்டுவிடும்.

"ரெண்டுல ஒண்ணைத்தான் புடிக்கணும்"

தமிழ்நாட்டின் அரசு கலைக் கல்லூரிகள் பலவற்றில் இரண்டு சுழற்சி வகுப்புகள் நடக்கின்றன: காலையில் ஒன்று, மதியத்துக்கு மேல் ஒன்று. காலைச் சுழற்சி கிடைத்தவனுக்கு மாலைக் கடை பாக்கி இருக்கிறது. விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும், திண்டிவனத்தில் ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியும் உள்ளூரிலேயே இருக்கின்றன. விடுதிச் செலவு இல்லை; கட்டணமும் ஒரு சைக்கிள் விலைகூட வராது.

"கரஸ்ல படிச்சா மதிப்பு இல்ல" என்பதும் பழைய பேச்சு. பல்கலைக்கழக மானியக் குழு அங்கீகரித்த தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று அக்குழுவே 2022 செப்டம்பரில் அறிவித்துவிட்டது. பார்மசி, பொறியியல், சட்டம் போன்றவை மட்டும் அப்படிக் கிடையாது. ஏற்கெனவே உரக்கடை நடத்துபவர்களுக்கு, ஐதராபாத்தின் மேனேஜ் நிறுவனம் 2003-இல் தொடங்கிய ஒரு வருஷப் பட்டயம் இருக்கிறது. வகுப்பு வாரம் ஒரு நாள்தான், அதுவும் ஞாயிறோ கடை விடுமுறை நாளோ. மாணவர்களில் பலர் அப்பா வயதுக்காரர்கள்.

"டிகிரி இருந்தா எங்க போனாலும் பொழச்சுக்கலாம்"

மறுபக்கத்து நம்பிக்கை. 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47. நாட்டின் சராசரி 28.4. ஏறக்குறைய பாதிப்பேர் படிக்கும் மாநிலத்தில் வெறும் டிகிரி யாரையும் தனித்துக் காட்டாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களைவிடப் பட்டதாரிகளிடம்தான் வேலையின்மை அதிகம் என்று மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் காட்டுகிறது. படிக்காதவர் கிடைத்த கூலிக்குப் போய்விடுகிறார், பட்டதாரி காத்திருக்கிறார். அப்படிக் காத்திருப்பதற்கும் வீட்டில் ஒரு கடை ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

"நம்ம கடையில நமக்கே சம்பளமா?"

இதுதான் எனக்குக் கோபம் வரவைப்பது. மகன் காலை ஆறு மணிக்கு ஷட்டர் தூக்குகிறான், இரவு பத்துக்கு இறக்குகிறான், பெட்ரோலுக்கு அம்மாவிடம் கேட்கிறான். இருபத்தாறு வயதில் வீட்டுக் கடனுக்கோ, தனித் தொழிலுக்கோ வங்கிக்குப் போனால் வருமானச் சான்று இல்லை, வரித் தாக்கல் இல்லை. காகிதத்தில் அவன் எட்டு வருஷம் சும்மா இருந்தவன். நியாயமான சம்பளத்தை வங்கிக் கணக்கு வழியாகக் கொடுத்தால், கடைக்கு அது செலவாகக் கழியும். அவனுக்கு வருமானமாக நிற்கும். மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனாலும் அப்பாவின் கடை அவனுக்குக் கைகொடுக்காது: மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. மானியம் பெரும்பாலும் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்குத்தான். அப்பாவின் பழைய மில்லைப் பெரிதாக்குகிறேன் என்று போய் நின்றால் திரும்பி வர வேண்டியதுதான்.

ஆகவே பிள்ளைகளே, முடிவு கேட்டால் முதலில் காகிதம் கேளுங்கள். மூன்று வருஷ ஜி.எஸ்.டி. தாக்கல், வருமான வரித் தாக்கல், வங்கி ஓ.டி. கணக்கு, கட்டட வாடகை ஒப்பந்தம், கூட்டு என்றால் கூட்டாண்மைப் பத்திரம். கடைசியாகப் பாக்கி நோட்டு. அதை அப்பா அவ்வளவு சுலபத்தில் தர மாட்டார், கேட்டு வாங்குங்கள். எழுத்தில் ஒப்புதலோ இடையில் ஒரு தவணையோ வராமல் மூன்று வருஷம் தாண்டிய பாக்கிகளைத் தனியே கூட்டுங்கள். காலவரம்புச் சட்டப்படி அந்தத் தொகைக்கு இனி வழக்குப் போட முடியாது. "நம்ம கடைக்கு வெளியில இவ்வளவு வரணும்" என்று வீட்டில் சொல்லும் தொகையிலிருந்து அதைக் கழித்துவிட்டு, மிச்சத்தை வைத்துப் பேச உட்காருங்கள்.